கோபால்ட் ஐசோடோப்பு அட்டவணையைப் படிக்கவும் கணக்குப் போடவும்

கதிர் சிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரே ஒரு தாள். கோபால்ட்டின் ஐசோடோப்புகள், அதாவது நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அதன் வகைகள், ஏழு வரிகளில் இருக்கும். "மனப்பாடம் பண்ணணுமா மேடம்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். தேவையே இல்லை. அந்த எண்கள் எந்தக் கைபேசியிலும் கிடைக்கும். ஒரு வரியைப் பார்த்ததும் இது எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது, எங்கே ஆபத்து என்று சொல்லத் தெரிந்தால் போதும். அதற்கு அணு இயற்பியலில் பெரிய படிப்பு வேண்டாம். பிளஸ் டூ இயற்பியலும், படுக்கவைத்தால் இ-யின் அடுக்கு (eˣ) காட்டும் கைபேசி கால்குலேட்டரும் போதும்.

தாளில் இருப்பது இதுதான் (அரை ஆயுள் என்றால் இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம்):

கோபால்ட்-55: அரை ஆயுள் 17.5 மணி நேரம்
கோபால்ட்-56: 77 நாள்
கோபால்ட்-57: 272 நாள்
கோபால்ட்-58: 71 நாள்
கோபால்ட்-59: நிலையானது
கோபால்ட்-60: 5.27 ஆண்டு
கோபால்ட்-60எம்: 10.5 நிமிடம்

இவை தவிர இன்னும் இருபதுக்கும் மேற்பட்டவை உண்டு. எல்லாம் சில மணி நேரத்திலோ நொடியிலோ மறைந்துவிடுபவை. நம் வேலைக்கு வராது, விட்டுவிடலாம்.

நிலையானதை முதலில் தேடுங்கள்

எந்தத் தனிமத்தின் அட்டவணையைத் திறந்தாலும் கதிரியக்கம் உள்ளவற்றின் பக்கம் உடனே போகாதீர்கள். நிலையானது எது என்று முதலில் பாருங்கள். கோபால்ட்டில் அது 59 மட்டும்தான்: 27 புரோட்டான், 32 நியூட்ரான். காங்கோ சுரங்கத்தில் தோண்டி எடுத்த கோபால்ட்டும், கைபேசி பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட்டும், நம் உடம்பில் வைட்டமின் பி12-இன் நடுவில் உட்கார்ந்திருக்கும் கோபால்ட் அணுவும் எல்லாமே 59-தான். அதனால் பேட்டரியைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

கோபால்ட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்களைப் பாருங்கள். இரும்பு 26, அதற்கு நிலையான ஐசோடோப்புகள் நான்கு. நிக்கல் 28, அதற்கு ஐந்து. நடுவில் இருக்கும் கோபால்ட்டுக்கு மட்டும் ஒன்றே ஒன்று. காரணம் 27 ஒற்றைப்படை எண். ஒற்றைப்படைப் புரோட்டான் எண் கொண்ட எந்தத் தனிமத்துக்கும் நிலையான ஐசோடோப்பு இரண்டுக்கு மேல் கிடையாது. அட்டவணை கையில் இல்லாதபோது அணு எடையை வைத்தும் இதை ஊகிக்கலாம். கோபால்ட்டின் அணு எடை 58.93, கிட்டத்தட்ட முழு எண். தாமிரத்துக்கு 63.55 என்று நடுவில் தொங்குகிறதே, அங்கே 63, 65 என்று இரண்டு கலந்திருக்கின்றன. இந்த ஊகம் எப்போதும் பலிக்காது, ஆனால் கோபால்ட்டில் பலிக்கும்.

59-ஐக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குக் கீழே இருக்கும் 55, 56, 57, 58 எல்லாவற்றுக்கும் நியூட்ரான் குறைச்சல். ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறினால்தான் அவற்றுக்கு நிம்மதி. அதற்கு ஒரு பாசிட்ரானை (நேர்மின்னுள்ள எலக்ட்ரானை) வெளியேற்றும், இல்லையென்றால் தன் எலக்ட்ரான் ஒன்றையே உள்ளே இழுத்துக்கொள்ளும். எப்படியானாலும் 27 குறைந்து 26 ஆகும், அதாவது இரும்பு. 60-க்கு நியூட்ரான் ஒன்று அதிகம். அது பீட்டாத் துகளை (வேகமான எலக்ட்ரானை) விட்டு 28 ஆகும், அதாவது நிக்கல். ஆக, 59-க்குக் கீழே என்றால் இரும்பு, மேலே என்றால் நிக்கல். இவ்வளவுதான் சூத்திரம். 60எம் மட்டும் விதிவிலக்கு. அது 60-இன் கிளர்ந்த நிலை. பெரும்பாலும் தன்னிடமுள்ள கூடுதல் ஆற்றலைக் கொட்டிவிட்டு சாதாரண 60 ஆகிவிடும்.

ஒவ்வொரு வரியிடமும் நான்கு கேள்வி

எப்படிச் சிதைகிறது, எவ்வளவு காலம் இருக்கும், என்ன ஆற்றலில் கதிர் வருகிறது, எப்படித் தயாரிக்கிறார்கள். நான்காவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் அசுத்தம் என்ன என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது.

55 பாசிட்ரான் விடும், 17.5 மணி நேரம் தாங்கும். பெட் ஸ்கேன் ஆராய்ச்சிக்கு ஆகும். சரி, அடுத்தது.

56-ஐ மருத்துவமனையில் யாரும் வேண்டி வாங்குவதில்லை. அதன் பெரிய வேலை வானத்தில். வெடிக்கும் விண்மீனில் நிக்கல்-56 ஏராளமாக உருவாகிறது. அது 6 நாள் அரை ஆயுளில் கோபால்ட்-56 ஆகிறது. அது 77 நாள் அரை ஆயுளில் இரும்பு-56 ஆகிறது. 1987-இல் நமக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தபோது, அதன் வெளிச்சம் மாதக்கணக்கில் மங்கிய வேகம் இந்த 77 நாளோடு ஒத்துப்போனது. 847 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரையும் செயற்கைக்கோள் பிடித்தது. ஒரு தனிமம் விண்மீனில் பிறந்து வேறொன்றாக மாறுவதை ஏறக்குறைய நேரில் பார்த்த மாதிரி. கணக்கு முறையைப் பொறுத்தவரை நாம் கதிர் இயந்திரத்துக்குப் போடப்போவதும் அதேதான்.

58 அணு உலைக்காரர்களுக்குத் தலைவலி. குழாய்களிலும் உலோகக் கலவைகளிலும் இருக்கும் நிக்கல்-58 வேக நியூட்ரானை வாங்கி ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால் கோபால்ட்-58. வால்வுகளில் தேய்மானம் தாங்குவதற்காகப் போடும் கோபால்ட் கலவை துகள்துகளாகத் தேய்ந்து, நீரோடு உலைக்குள் போய் நியூட்ரானை விழுங்கினால் கோபால்ட்-60. உலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை செய்பவர்களுக்குக் கிடைக்கும் கதிர் அளவில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. புதிய உலைகளில் கோபால்ட் குறைந்த எஃகு கேட்பது இதனால்தான்.

57 எனக்குப் பிடித்த வரி. எலக்ட்ரானை உள்ளே இழுத்துச் சிதைகிறது, பாசிட்ரான் தொந்தரவு இல்லை. வெளிவரும் முக்கியமான காமா 122 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அணு மருத்துவத்தில் தினமும் புழங்கும் டெக்னீஷியம்-99எம் தருவது 140. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் டெக்னீஷியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். 57-க்கு 272 நாள் ஆகும். அதனால் காமா கேமரா சரியாக இருக்கிறதா என்று காலையில் சோதிக்க 57 தடவிய தகட்டை வைக்கிறோம். தகடு முழுக்க ஒரே சீராகக் கதிர் வரும்; படமும் ஒரே சீராக வர வேண்டும். எங்காவது திட்டாகத் தெரிந்தால் கேமராவில் கோளாறு.

புதுத் தகடு வந்த வாரத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். இங்கேதான் நான்காவது கேள்வி வருகிறது. 57-ஐ சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் தயாரிக்கும்போது கொஞ்சம் 56-உம் 58-உம் சேர்ந்தே வரும். அளவு சொற்பம்தான், ஆனால் அவற்றின் காமா 800 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். கேமராவின் முன்னால் இருக்கும் ஈயச் சல்லடையைத் துளைத்துக்கொண்டு போய்ப் படத்தைக் கெடுக்கும். இதற்குப் பரிகாரம் அட்டவணையிலேயே இருக்கிறது. 56-க்கு 77 நாள், 58-க்கு 71 நாள், 57-க்கு 272 நாள். ஆறு மாதம் போனால் அசுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். 57 இன்னும் 63 சதவீதம் இருக்கும். அதுவரை தகட்டைக் கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துப் படமெடுங்கள், அல்லது பழைய தகட்டையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்கள்.

60: நின்று படிக்க வேண்டிய வரி

லிவிங்குட், சீபோர்க் என்ற இருவர் 1930களில் பெர்க்லியில் கண்டறிந்தது. கோபால்ட்-60 பீட்டாவை விட்டு நிக்கல்-60 ஆகிறது. அந்த நிக்கல் அணுக்கரு பிறக்கும்போதே கிளர்ந்த நிலையில் இருக்கும். அது உடனே அடுத்தடுத்து இரண்டு காமாக் கதிர்களை விட்டு அமைதியாகிறது: 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதாவது நாம் கோபால்ட் கதிர் என்று சொல்வது உண்மையில் நிக்கல் அணுக்கருவிலிருந்து வருவது. தேர்வில் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் தெரிந்திருந்தால் சிதைவுப் படத்தைப் பார்க்கும்போது குழப்பம் வராது. பீட்டாவின் உச்ச ஆற்றல் 0.32 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான். எஃகு உறையைத் தாண்டாது. காமா மட்டும் வெளியே வரும், சராசரி 1.25.

கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் அயோடைடு கண்டறிவான் இருந்தால் இதை நேரில் பார்த்துவிடுங்கள். திரையில் இரண்டு முகடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். மூலத்தை, அதாவது கதிர் விடும் கோபால்ட் துண்டை, கண்டறிவானுக்கு மிக அருகில் கொண்டுபோனால் 2.5 அருகே மூன்றாவதாக ஒரு சின்ன முகடு முளைக்கும். அப்படியொரு ஆற்றலில் கதிர் எதுவும் வரவில்லை. இரண்டு காமாவும் ஒரே நேரத்தில் உள்ளே விழுந்ததால் கருவி கூட்டிச் சொல்கிறது. மூலத்தைத் தள்ளி வைத்தால் அது அமுங்கிவிடும். ஏதோ ஒரு மூலம் கோபால்ட்-60தானா என்று சந்தேகம் வந்தால் இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

தயாரிப்பு எளிது, பொறுமை வேண்டும். சாதாரண 59-ஐ சிறு துண்டுகளாக்கி, நிக்கல் பூசி, அணு உலைக்குள் வைத்துவிட வேண்டும். அது நியூட்ரானை விழுங்கி 60 ஆகும். சில அணுக்கள் 60எம் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும், பத்து நிமிடத் தாமதம்தான். ஒரு வருடமோ அதற்கு மேலோ உள்ளேயே கிடக்க வேண்டும். நம் நாட்டில் இந்த வேலை ராஜஸ்தானில் ராவத்பாட்டா அணுமின் நிலையத்தில் நடக்கிறது. மூலமாக்கித் தருவது அணுசக்தித் துறையின் பிரிட் அமைப்பு. சிகிச்சைக்கு 1951-இல் முதன்முதலில் பயன்படுத்தியது கனடா. 1950களின் பிற்பாதியில் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குக் கனடா இயந்திரம் வந்தது. இப்போது பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த பாபாட்ரான் என்ற கோபால்ட் இயந்திரம் நம் ஊர் மருத்துவமனைகளிலும் இருக்கிறது.

எவ்வளவு பெரிய பொருள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுக்க முழுக்க 60 அணுக்களாகவே இருந்தால் ஒரு கிராம் சுமார் 1,130 கியூரி (கியூரி என்பது கதிரியக்கத்தின் அலகு). ஆனால் உலையில் எல்லா 59-உம் மாறுவதில்லை. சிகிச்சை மூலத்தில் கிராமுக்கு 200 கியூரி என்று வைத்துக்கொண்டால், 10,000 கியூரிக்கு 50 கிராம் வேண்டும். கோபால்ட்டின் அடர்த்தி 8.9, ஆக 5.6 கன சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் நிரப்பினால் உயரமும் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அறை நிறைய நிற்கும் அந்த இயந்திரத்தின் எடையில் பெரும்பகுதி இந்தச் சின்ன உருளையைச் சுற்றியிருக்கும் கவசம்தான். ஒரு கியூரி கோபால்ட்-60, ஒரு மீட்டர் தொலைவில், மணிக்கு 1.3 ராண்ட்ஜன் (கதிர் அளவின் பழைய அலகு) தரும். 10,000 கியூரிக்கு 13,000. நிமிடத்துக்கு 200-க்கு மேல். கவசமில்லாமல் ஒரு மீட்டரில் இரண்டு நிமிடம் நின்றால் உயிருக்கே ஆபத்தான அளவு. கோபால்ட் அறைக் கதவு பூட்டு வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பது சடங்குக்காக அல்ல.

இடையில் ஒன்று: 1956 கடைசியில் சியென்-ஷியுங் வூ என்ற இயற்பியலாளர் இந்த ஐசோடோப்பையே தனிச்சுழிக்கு (மைனஸ் 273 டிகிரி) ஒரு நூறில் ஒரு பாகை மேலே வரை குளிர்வித்து, காந்தப்புலத்தில் அணுக்கருக்களை ஒரே திசையில் நிறுத்தி, பீட்டாத் துகள்கள் ஒரு பக்கமாகவே அதிகம் போவதைக் காட்டினார். இயற்கை இடம் வலம் பார்ப்பதில்லை என்ற நம்பிக்கை அத்தோடு போனது. நோபல் பரிசு மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. இப்படி நடக்கலாம் என்ற யோசனையை முன்பே எழுதிய இருவருக்கே கிடைத்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

இனி கணக்கு

மூலத்தோடு ஒரு சான்றிதழ் வரும். அதில் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை கியூரி என்பதல்ல, எந்தத் தேதியில் அத்தனை கியூரி என்பது. 04/07 என்று இருந்தால் அது ஏப்ரல் 7-ஆ, ஜூலை 4-ஆ என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வட அமெரிக்கக் காகிதத்தில் மாதம் முதலில் வரும். இந்தக் குழப்பம் ஒன்றே மூன்று சதவீதப் பிழை.

5.27 ஆண்டு என்பது 1,925 நாள். 0.693-ஐ (இரண்டின் இயல் மடக்கை) இதால் வகுத்தால் நாளொன்றுக்கு 0.00036. இந்த ஓர் எண்ணை மட்டும் மனதில் வையுங்கள். எத்தனை நாள் ஆனது என்று எண்ணி, 0.00036-ஆல் பெருக்கி, கழித்தல் குறி போட்டு, இ-யின் அடுக்காகக் கொடுங்கள். மீதமிருக்கும் பங்கு வந்துவிடும். அவ்வளவுதான்.

செய்து பார்ப்போம். ஒரு இயந்திரத்தில் 2021 மார்ச் 1 அன்று, 80 சென்டிமீட்டர் தொலைவில், 10-க்கு 10 சென்டிமீட்டர் புலத்தில் (கதிர் விழும் பரப்பில்), அதிகபட்ச அளவு விழும் ஆழத்தில் நிமிடத்துக்கு 200 சென்டிகிரே (உடம்பு வாங்கும் கதிர் அளவின் அலகு) அளந்ததாக வைத்துக்கொள்வோம். கோபால்ட்டுக்கு அந்த ஆழம் தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டர். 2025 மார்ச் 1-க்கு எவ்வளவு? நடுவில் 1,461 நாள். 0.00036-ஆல் பெருக்கினால் 0.526. இ-யின் கழித்தல் 0.526 அடுக்கு 0.591. ஆக நிமிடத்துக்கு 118 சென்டிகிரே.

மாதக் கணக்காகவும் போடலாம்: மாதம் ஒன்றுக்கு 1.09 சதவீதம் குறையும், வருடத்துக்கு 12.3. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 48 மாதம், மாதம் 1.09, ஆக 52 சதவீதம் போய்விட்டது, மீதி 48 என்று கழித்துவிடக் கூடாது. ஒவ்வொரு மாதமும் குறைவது அந்த மாதம் மிச்சமிருப்பதில் 1.09 சதவீதம், ஆரம்பத்தில் இருந்ததில் அல்ல. 0.9891-ஐ 48 முறை பெருக்க வேண்டும். அப்போது அதே 0.591 வரும். கழித்துப் போட்டவர் இயந்திரம் நிமிடத்துக்கு 95 சென்டிகிரேதான் தருகிறது என்று நம்பி நேரத்தைக் கூட்டி வைப்பார். நோயாளிக்கு ஏறத்தாழ 24 சதவீதம் கூடுதலாகப் போகும். ஏழு வருட மூலமென்றால் இன்னும் மோசம்: கழித்தால் 8 சதவீதம் மீதி, உண்மையில் 40.

இது வெறும் பாடப்புத்தகப் பயமுறுத்தல் இல்லை. 1974 முதல் 1976 வரை அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் இந்த வகைப் பிழை நடந்தது. முதல் அளவீடு சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்த வரைபடம் மூலம் உண்மையைவிட வேகமாகக் குறைவதாகக் காட்டியது. யாரும் திரும்ப அளந்து பார்க்கவில்லை. நாள் போகப்போக இடைவெளி வளர்ந்தது. நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குப் பத்து சதவீதத்திலிருந்து நாற்பதுக்கும் மேல் வரை கூடுதல் கதிர். கையால் வரைபடம் போடுவதாக இருந்தால் செமி-லாக் தாளில் (ஓர் அச்சில் ஒவ்வொரு பத்து மடங்கும் சம இடைவெளியில் இருக்கும் தாள்) போடுங்கள். அங்கே சிதைவு நேர்கோடாக விழும். சாதாரணக் கட்டத்தாளில் நேர்கோடு விழுந்தால் கணக்கு தப்பு என்று அர்த்தம். எந்தத் தாளாக இருந்தாலும் மாதம் ஒருமுறை நீர்த்தொட்டியில் கதிரை அளக்கும் அயனிக் கலத்தை இறக்கி அளந்துவிடுங்கள். கணக்கும் அளவும் இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் சிகிச்சையை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். கோபால்ட்-60 தன் அரை ஆயுளை மாற்றிக்கொள்ளாது. தவறு கலத்திலோ, தூரத்திலோ, தேதியிலோ, உங்கள் கால்குலேட்டரிலோ இருக்கும்.

நேரம் கணக்கிடுவது இதற்கடுத்து. கட்டி தோலிலிருந்து 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அங்கே 200 சென்டிகிரே போக வேண்டும் என்போம். 10-க்கு 10 புலத்தில் அந்த ஆழத்துக்குப் போய்ச் சேர்வது சுமார் 78 சதவீதம். 118-ஐ 0.78-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 92. 200-ஐ 92-ஆல் வகுத்தால் 2.17, அதாவது 2 நிமிடம் 10 நொடி. மூலம் புதிதாக இருந்தபோது இதே சிகிச்சைக்கு 1 நிமிடம் 17 நொடி. கருவியின் நேரம் நிமிடப் பின்னமாக இருக்கிறதா, நொடியாக இருக்கிறதா என்று பாருங்கள், 2.17 நிமிடத்தை 2 நிமிடம் 17 நொடி என்று படிப்பவர்கள் உண்டு. புலத்தின் அளவு மாறினாலோ, வெட்ஜ் (கதிரின் ஒரு பக்கத்தைக் குறைக்கும் ஆப்பு வடிவ உலோகம்) வைத்தாலோ அதற்குரிய காரணியைப் பெருக்க மறக்காதீர்கள். மூலம் மறைவிலிருந்து வெளியே வந்து நிற்க எடுக்கும் சிறு நேரத்துக்கும் ஒரு திருத்தம் உண்டு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அது வேறு, அளந்துதான் போட வேண்டும்.

தினமும் புதுக் கணக்குத் தேவையில்லை. மாதம் ஒரு அட்டவணை போதும். ஒன்றாம் தேதி மதிப்பைப் போடாமல் பதினைந்தாம் தேதி மதிப்பைப் போட்டால், மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் பிழை அரை சதவீதத்தை ஒட்டியே நிற்கும். பழைய மாதத்தின் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கன்சோல் மேஜையில் இரண்டு அட்டவணை இருந்தால் ஒருநாள் தவறான தாள் கைக்கு வரும்.

இந்த நேரக் கணக்கு நோயாளிகளுக்கும் தெரியும். "என் அக்காவுக்கு இதே ரூம்லதான் கரண்ட் வச்சாங்க, ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது. எனக்கு ஏம்மா ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகுது? எனக்கு நோய் ஜாஸ்தியா?" என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார். படுத்துக்கொண்டே மனதுக்குள் எண்ணியிருக்கிறார். "இல்லம்மா, உள்ளே இருக்கற மருந்துக்கு வயசாயிடுச்சு, மெதுவா வருது. உங்களுக்குப் போற அளவு அக்காவுக்குப் போனதேதான்" என்றேன். டெக்னீஷியன்களும் இதைச் சொல்லிப் பழக வேண்டும். சொல்லாவிட்டால் நோயாளி அந்தக் கூடுதல் நிமிடத்தைத் தன் நோயின் மேல் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

நேரம் கூடக்கூட வேறு சிக்கலும் வரும்: படுத்திருப்பவர் அசைவார், ஒரு நாளில் பார்க்கும் ஆட்கள் குறைவார்கள். அதனால்தான் ஓர் அரை ஆயுள் கழிந்ததும் மூலத்தை மாற்றும் பேச்சு ஆரம்பிக்கிறது. நிதி ஒதுக்கீடு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, மூலம் வந்து சேர்வது என்று எல்லாமே காலம் பிடிக்கும். நிமிடத்துக்கு 120 சென்டிகிரேயைத் தொடும் முன்பே கோப்பை நகர்த்திவிடுங்கள்.

பழைய மூலத்தை எப்படிப் பார்ப்பது

பத்து அரை ஆயுள் போனால் ஆயிரத்தில் ஒரு பங்குதான், பயமில்லை என்று சொல்வார்கள். எதில் ஆயிரத்தில் ஒன்று என்று கேளுங்கள். 1970-இல் 4,000 கியூரி இருந்த ஆய்வகக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2010-க்குள் 40 ஆண்டு, ஏழரை அரை ஆயுளுக்குச் சற்று மேல். மிச்சம் இருநூறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 21 கியூரி. ஒரு மீட்டரில் மணிக்கு 27 ராண்ட்ஜன். தொலைவு பத்தில் ஒன்றானால் கதிர் நூறு மடங்கு; ஆக 10 சென்டிமீட்டரில் மணிக்கு 2,700. சட்டைப்பையில் வைத்தால் அதற்கும் மேல். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது ஏறக்குறைய இதுதான். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பல வருடம் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவி ஏலத்தில் போய், பழைய இரும்புக் கடையில் உடைக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். அங்கே அரை ஆயுளைக் கணக்குப் போட வேண்டிய இடம் ஏலப் பட்டியல்.

உங்கள் ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ பயன்படாமல் கிடக்கும் கருவி இருந்தால், அதன் மேல் உள்ள தகட்டைப் படியுங்கள். ஐசோடோப்பு, கியூரி, தேதி மூன்றும் இருக்கும். மேலே சொன்ன மாதிரி இன்றைய மதிப்பைப் போட்டு, கருவிப் பதிவேட்டில் எழுதி, தயாரித்தவருக்கோ பிரிட் அமைப்புக்கோ திருப்பி அனுப்பும் வேலையைத் தொடங்குங்கள். தகடு தேய்ந்து போயிருந்தால் வாரியத்துக்கு எழுதுங்கள். நீங்களே திறந்து பார்க்காதீர்கள். பழைய இரும்பு வியாபாரம் செய்பவராக இருந்தால், அளவுக்கு மீறிக் கனக்கும் உருளையோ பெட்டியோ, அதில் மூன்று இதழ் கதிரியக்கச் சின்னமோ கண்ணில் பட்டால் வெட்டவும் வேண்டாம், எடை போடவும் வேண்டாம். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இரண்டு மடங்கு தள்ளினால் கதிர் கால்வாசி, பத்து மடங்கு தள்ளினால் நூறில் ஒன்று. காவல்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வாரியத்தை வரவழைப்பார்கள். அதுவரை அந்தப் பொருளை யாரும் இடம் மாற்றக் கூடாது, தார்ப்பாய் போட்டு மூடுவதற்காகக்கூட.